கைக்குட்டைக்கு ஊர் உண்டு

ஆக்லாந்து விமான நிலையத்தில் என் நார்த்தங்காய் ஊறுகாயைப் பறித்துக்கொண்டார்கள். கையுறை போட்ட ஒரு பெண் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு ரொம்பவும் மரியாதையாக மன்னிப்புக் கேட்டபடியே அதைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். அடுத்து என் பெட்டியிலிருந்து கட்டம்போட்ட சிவப்புத் துணி ஒன்றை உருவினாள். இது என்ன என்றாள். கைக்குட்டை என்றேன். எந்த ஊர்த் துணி என்றாள். பழவேற்காடு என்றேன். அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்து, 'ழ'வில் தடுக்கி விழுந்து, சிரித்துக்கொண்டே மடித்து வைத்தாள். துணிக்கு வேறு கேள்வி எதுவும் இல்லை.

அந்தக் கைக்குட்டைக்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு மெக்சிகோ ஓவியங்கள் சில அப்போது நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலத்தில் அவை ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தன. அந்தப் படங்களில் ஆண்கள் தலையிலும் பெண்கள் கழுத்திலும் கட்டியிருக்கும் கைக்குட்டைக்கு மெக்சிகோக்காரர்கள் சொல்லும் பெயர் 'பலியகாதே'. சென்னைக்கு வடக்கே கடலோரம் இருக்கும் பழவேற்காடு என்ற பெயரைப் போர்த்துகீசியர் வாயில் போட்டு மென்று, ஸ்பானியர் வாங்கி இன்னும் கொஞ்சம் மென்று, கடைசியில் மிஞ்சியது அது. இல்லை, அது அந்த மண்ணின் பழைய மொழிச் சொல்தான் என்று சாதிக்கிறவர்களும் உண்டு. அவர்களோடு சண்டை போட்டு நான் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கலைக்கூடத்தார் வந்து கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். சென்னையில் ஒரு கல்லூரியில் ஓவிய வரலாறு நடத்தும் எனக்கு இப்படி அழைப்பு வருவது அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கூடக் கிடையாது. ஓடி வந்துவிட்டேன்.

ஹோட்டலில் தங்குவதற்கு மலர் விடவில்லை. மலர் யாழ்ப்பாணத்துக்காரி. சென்னையில் எங்கள் பக்கத்து வீட்டில் சில வருடம் குடியிருந்தவள். இப்போது ஆக்லாந்தின் புறநகரான ஹென்டர்சனில் வீடு, முதியோர் இல்லத்தில் வேலை, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். "வாங்கோ அக்கா, குளிருதே?" என்று வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். குளிருதா என்று கேட்டால் என்ன சொல்வது? வெளியே இருந்த குளிரைவிட வீட்டுக்குள் இருந்த குளிர்தான் அதிகம். இந்த ஊரில் மர வீடுகள். சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. படுக்கையில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

அடுப்படியிலிருந்து இன்னொரு பெண் எட்டிப் பார்த்தாள். ஒல்லியாக, முழங்காலுக்குக் கீழே இறங்கிய பூப்போட்ட சட்டையும் அதன்மேல் யாருடையதோ கம்பளி ஸ்வெட்டருமாக நின்றாள். நெற்றியில் ஒன்றும் இல்லை, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. "டீ போடட்டுங்களா?" என்று என்னிடம் கேட்டாள். மலர் பக்கம் திரும்பி, "உனக்கும் தேத்தண்ணி ஊத்தவே?" என்றாள். எனக்கு ஒரே ஆச்சரியம். ஒரே மூச்சில் இரண்டு ஊர்.

"உவள் ஸ்டெல்லா. என்ர சித்தியின்ர மகள், மன்னார்" என்றாள் மலர். "இந்தியாக்காரரைக் கண்டா உவளுக்கு வாய் தானா மாறீரும் அக்கா. எங்களோட ஓம் எண்டுவாள். உங்களோட ஆமா எண்டுவாள்."

நான் சிரித்தேன். எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது. விருந்தாளிக்குத் தகுந்த மாதிரி பேசுகிறாள், எவ்வளவு நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை. மலர் ஆட்டுக்கறி சமைத்தாள். 'டெய்ரி' என்று இங்கே சொல்லும் தெருமுனைப் பெட்டிக்கடையில், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' விற்கிறார்கள். வெளியே ஆறிப்போய், உள்ளே நாக்கைப் பொசுக்கும் பண்டம் அது. சூப்பர் மார்க்கெட்டில் வெள்ளைக்காரர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள், அந்தக் குளிரில். நம் ஊரில் செருப்பு வாங்க முடியாதவன்தான் வெறுங்காலோடு போவான். இங்கே கார் வைத்திருப்பவன் போகிறான். "அவையளைப் பாத்து ஆர் என்ன கேக்கப் போயினம்?" என்றாள் மலர். அது ஏனோ என் மனதில் தங்கிவிட்டது.

அந்த இரண்டு நாளில்தான் ஸ்டெல்லாவின் கதை எனக்குத் தெரிந்தது. மன்னாரில் அவள் புருஷனை ராணுவம் கொண்டுபோனது. திரும்பி வரவில்லை. கைப்பிள்ளையாக இருந்த மகள் நிரோசாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் வருடக்கணக்காக இருந்தாள். பிறகு ஏஜென்ட் ஒருவன் இந்தியப் பாஸ்போர்ட் ஒன்றைக் கையில் திணித்து அவளை மட்டும் இங்கே அனுப்பினான். பிள்ளைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றானாம். இப்போது பிள்ளை முகாமில், அக்காவிடம். ஸ்டெல்லாவை அகதி என்று இங்கே ஏற்றுக்கொண்டால் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஏற்காவிட்டால் அந்தப் பாஸ்போர்ட்டில் இருக்கிற இந்தியாக்காரி என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். போய் இறங்கினால் போலிப் பாஸ்போர்ட்டுக்கு ஜெயில். விசாரணை புதன்கிழமை. தான் மன்னார்க்காரி என்று அன்றைக்கு அவள் நிரூபிக்க வேண்டும். அடையாள அட்டை கடலோடு போய்விட்டது. அவளிடம் இருந்தது அவள் மட்டும்தான்.

திங்கட்கிழமை நான் ஓவியங்களைப் பார்க்கக் கிளம்பியபோது மலர், "அக்கா, உவளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. வீட்டில இருந்தா அழுதுகொண்டுதான் இருப்பாள்" என்றாள். ஹென்டர்சனில் ரயில் ஏறினோம். டீசல் ரயில், இரண்டு பெட்டி, ஒவ்வொரு நிலையத்திலும் பெருமூச்சு விட்டு நிற்கிறது. பாதி வழியில் ஏதோ கோளாறு என்று எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். நம் ஊராக இருந்தால் இந்நேரம் கார்டைச் சுற்றி ஒரு கூட்டம் கூடி அவர் பரம்பரையையே விசாரித்திருக்கும். இங்கே எல்லோரும் 'பரவாயில்லை' என்று சொல்லிவிட்டு மழையில் நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாற்றுப் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஸ்டெல்லாவைக் கேட்டேன். "என்கிட்ட மட்டும் ஏம்மா ஆமா ஆமான்னு பேசறே? உன் தமிழ்லயே பேசேன். எனக்குப் புரியும்."

"முடியலைங்க" என்றாள். "தொண்ணூத்தொண்ணுல அந்தக் குண்டு வெடிச்சதுக்கு அப்புறம், கேம்ப்ல எல்லாருக்கும் பயம். வெளிய வாயைத் திறந்தா சிலோன்காரின்னு தெரிஞ்சிரும். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு நாள் கண்டக்டர் ஏதோ கேட்டாரு. நான் ஓம்னு சொல்லிட்டேன். பக்கத்துல நின்ன போலீஸ்காரர் திரும்பி, ஓங்கி ஒண்ணு விட்டாரு. பிள்ளை இடுப்புல இருக்கு. அன்னைக்கு மாறின வாய்தான். பிள்ளைக்கும் ஆமான்னு சொல்லித்தான் பழக்கினேன். இந்தியாக்காரங்க குரலைக் கேட்டாலே தானா வந்திருதுங்க."

நாகரிகம் என்று நினைத்தேனே, அதை நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

கலைக்கூடத்தில் ஹீட்டர் இருந்தது. முதலில் அந்தச் சூட்டுக்காகவே நன்றி சொன்னேன். பிறகு ஓவியங்களைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன, அதில் குறை சொல்ல முடியாது. தண்ணீர் விற்பவன், அப்பம் தட்டுகிறவள், வெள்ளிப் பொத்தான் வைத்த கால்சட்டையில் குதிரைக்காரன். அந்த நூற்றாண்டில் இப்படி வரைவது ஒரு பெரிய வியாபாரம். முதலில் வெளிநாட்டுப் பயணிகள் வந்து 'மெக்சிகோ மனிதர்கள்' என்று ஆல்பம் போட்டார்கள். பிறகு அந்த நாட்டு ஓவியர்களே அதைப் பார்த்து, நாம் இப்படித்தான் இருக்கிறோம் போலிருக்கிறது என்று வரைய ஆரம்பித்தார்கள். ஸ்பெயினிடமிருந்து விடுதலை வாங்கிய புது நாடு. நாம் யார் என்று காட்ட அதற்கு ஓர் உடை தேவைப்பட்டது.

அந்த உடை மாட்டிய பெண் நடுச்சுவரில் தொங்கினாள். பூவேலை செய்த வெள்ளை ரவிக்கை, ஜிகினா தைத்த சிவப்புப் பாவாடை, தோளில் நீளத் துண்டு. இவளுக்கு அங்கே பெயர் 'சீனா'. சீனத்தி என்று அர்த்தம்; முழுப் பெயரையும் சொன்னால் பூவெப்லா என்ற ஊர்ச் சீனத்தி. அப்படி உடுத்தியவர்கள் உண்மையில் நகரத்து ஏழைப் பெண்கள். கண்ணியமான குடும்பங்கள் அவர்களைப் பார்த்தால் மூக்கைச் சுளித்தன. ஒரு தூதுவரின் மனைவி ஆசைப்பட்டு அந்த உடையில் விருந்துக்குப் போகக் கிளம்பியபோது, பெரிய மனிதர்கள் வீடு தேடி வந்து, வேண்டாம் அம்மா, மானம் போய்விடும் என்று தடுத்தார்களாம். நூற்றாண்டு முடிவதற்குள் அதே உடை தேசிய உடையாகிவிட்டது. அடுத்த படத்தில் பவுடர் பூசிய பணக்காரச் சீமாட்டி ஒருத்தி அதை மாட்டிக்கொண்டு விசிறியோடு நின்றாள்.

"இவங்க வேஷம் போட்டிருக்காங்களா?" என்றாள் ஸ்டெல்லா.

"ஆமா."

அவள் மெதுவாக நடந்து மூன்று சின்னப் படங்களுக்கு முன்னால் நின்றாள். ஒன்றில் பூக்காரி, ஒன்றில் 'சீனா', ஒன்றில் மலைச்சாதிப் பெண். எனக்கு அப்போதுதான் தட்டியது, மூன்றும் ஒரே முகம். இடது புருவத்தில் அதே வெட்டு. ஓவியர் தன் பட்டறையில் ஒருத்தியைக் கூலிக்கு உட்கார வைத்து, உடையை மாற்றி மாற்றி, மூன்று இனம் செய்திருக்கிறார். கீழே சட்டத்தில் மூன்று பெயர். அவள் நிஜத்தில் எந்த ஊர்க்காரி என்று எங்கேயும் இல்லை.

அப்புறம் என் துணி வந்தது. ஒரு கழுதைக்காரன் தலையில், சிவப்புக் கட்டம். என் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன். அச்சு அசல். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாரு ஸ்டெல்லா, பாரு! இது எங்க ஊரு!" என்று கத்தியே விட்டேன். காவலர் திரும்பிப் பார்த்தார்.

ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள். "அட, லேஞ்சி!" என்றாள்.

லேஞ்சி. எங்கள் சென்னையில் கைக்குட்டையை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். மன்னார் பக்கத்துக்குப் போர்த்துகீசியர் விட்டுவிட்டுப் போன சொல் அது. அவர்கள் நம் ஊர்ப் பெயரைத் துணியோடு மெக்சிகோவுக்குக் கொண்டுபோனார்கள், தங்கள் சொல்லை அவள் ஊரில் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டும் ஆக்லாந்தில் வந்து சந்தித்துக்கொண்டன. நான் குதிக்காத குறை. "பாத்தியா, இப்ப உன் தமிழ் வந்துருச்சு! புதன்கிழமையும் இதே மாதிரி பேசணும்" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அங்கே இருந்தவரை அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

சந்தோஷத்தில் நான் 'சீனா'வின் கதையையும் சொன்னேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய கதை அது. அந்த உடையைக் கொண்டுவந்தவள், அதற்கும் இருநூறு வருடம் முன்னால் வாழ்ந்த ஓர் இந்தியப் பெண் என்றார்கள். போர்த்துகீசியர் அவளைச் சிறுமியாகப் பிடித்து, கொச்சியில் ஞானஸ்நானம் கொடுத்து, மணிலாவில் விற்று, கப்பலேற்றி மெக்சிகோவில் கொண்டுபோய் இறக்கினார்கள். அப்படி ஒருத்தி இருந்தது நிஜம். உடைக்கும் அவளுக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆசியாவிலிருந்து யார் வந்து இறங்கினாலும் அங்கே 'சீனா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"அவ சீனாக்காரி இல்லையே."

"இல்லைதான்."

ஸ்டெல்லா சிவப்புப் பாவாடைக்காரியை ரொம்ப நேரம் பார்த்தாள். "சொல்லிப் பாத்திருப்பா, பாவம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மாலை மலர் வேலையிலிருந்து வரும்போது ஒரு பட்டுச்சேலையும் ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டும் கொண்டுவந்தாள். சேலை கூட வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பெண்ணிடம் இரவல் வாங்கியது. ஸ்டெல்லா மிரண்டுபோனாள். "நான் சட்டையோட போறன் மலரக்கா. நாங்கள் பொட்டு வைக்கிறேல்லத்தானே?"

"எனக்குத் தெரியாதே? நானும் வேதக்காரிதான்" என்றாள் மலர். "விசாரிக்கிறவையளிட்ட ஒரு புத்தகம் இருக்கு. அதில படம் இருக்கு. தமிழ்ப் பொம்பிளை எண்டா சீலை, பொட்டு. போன வருசம் ஒருத்தி ஜீன்ஸோட போய், உன்னைப் பாத்தாத் தமிழ் மாதிரி இல்லை எண்டு கேட்டவையாம். பாத்த உடன தெரியோணும். நாளைக்கு ஒரு நாளைக்குத்தானே?"

எனக்கு அந்த மூன்று படங்கள் ஞாபகம் வந்தன. "மலர், வேண்டாமே. அவ எப்பவும் இருக்கிற மாதிரியே போகட்டும்" என்றேன். "உங்களுக்கு விளங்காது அக்கா. நீங்கள் விசிட்டர் விசாவில வந்தனீங்கள்" என்றாள். சொன்னது நியாயம்தான். சேலையைச் சுற்றிப் பொட்டையும் ஒட்டிப் பார்த்தபோது மலரின் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, ஆன்ட்டி இந்தியன் மாதிரி இருக்கிறாங்க என்று இங்கிலீஷில் சொன்னாள். பேசாமல் படி என்று அவளுக்கு ஓர் அதட்டல் விழுந்தது.

"அங்க போய் ஓம் எண்டு சொல்லு, என்ன?" என்றாள் மலர்.

"ஓம், ஓம்" என்றாள் ஸ்டெல்லா.

புதன்கிழமையும் மழை. மலர் சாட்சி என்பதால் உள்ளே உட்காரக் கூடாது. துணைக்கு நான் வரலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். வெள்ளைக்காரப் பெண், நல்லவள், ஜலதோஷத்தோடு மூக்கைச் சிந்திக்கொண்டே எங்களுக்காக அலைந்தாள். வராந்தாவில் வந்து கெட்ட செய்தி சொன்னாள். மொழிபெயர்க்க வர வேண்டிய யாழ்ப்பாணத்துக்காரருக்குக் காய்ச்சலாம். வேறு ஒருவரைப் பிடித்திருக்கிறார்களாம், மலேசியத் தமிழர்.

அறை சின்னது. மேஜை, தண்ணீர், பேச்சைப் பதியும் டேப் மெஷின். அதிகாரி நடுவயது, ரொம்ப மரியாதைக்காரர். மொழிபெயர்ப்பாளர் அவரைவிட மரியாதைக்காரர். ஸ்டெல்லாவைப் பார்த்துக் கைகூப்பி, அச்சு அசல் தமிழ்நாட்டுக் குரலில் பேசினார். "வணக்கம்மா. பயப்படாதீங்க. நீங்க பேசறத நான் அப்படியே சொல்வேன். சரிங்களா?"

"ஆமாங்க" என்றாள் ஸ்டெல்லா. "சரிங்க."



"மன்னார்லதான் பிறந்தீங்களா?"

"ஆமாங்க."

"ராணுவம் உங்க வீட்டுக்காரர கொண்டு போனப்ப நீங்க கூட இருந்தீங்களா?"

"ஆமாங்க. நான் பாத்தேன். வேலி வரைக்கும் ஓடினேன்."

அவர் கேட்கக் கேட்க அவள் அப்படியே சொன்னாள். ஒரு பொய் இல்லை. ஒவ்வொரு நிஜமும் ராமநாதபுரத்துத் தமிழில் வந்து விழுந்தது. பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஓம் சொல்லடி, ஒரே ஒரு ஓம் சொல்லடி என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு மொழிபெயர்ப்பாளரிடம் இங்கிலீஷில் கேட்டார், இவர் பேசுவது எந்த நாட்டுத் தமிழ்? வக்கீல் ஆட்சேபித்தாள். மொழிபெயர்ப்பாளரும் தயங்கினார். கடைசியில், தனக்குத் தோன்றியதை உள்ளபடி சொன்னார். "இவர் பேசுவது எனக்கு நன்றாகப் புரிகிறது. இலங்கைக்காரர்கள் பேசினால் பாதிதான் புரியும்."

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். பிறகு அவள் நெற்றியைக் காட்டி, நீங்கள் கத்தோலிக்கர், விதவை என்று சொல்லியிருக்கிறீர்கள், இந்தப் பொட்டை எப்போதும் வைப்பீர்களா என்றார். அது தமிழாக மாறி வந்ததும் ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நகத்தால் பொட்டை உரித்தாள். கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் அறையைச் சுற்றிப் பார்த்தாள். வீடாக இருந்தால் நாங்கள் கண்ணாடியில் ஒட்டுவோம். அங்கே கண்ணாடி இல்லை. மேஜை விளிம்பில் ஒட்டிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

மொழிபெயர்ப்பாளருக்கே கண் கலங்கிவிட்டது. "அழாதீங்கம்மா. கர்ச்சீப் இருக்குதா?"

லேஞ்சி என்று சொல்லு. நான் கிட்டத்தட்ட வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"ஆமாங்க, இருக்கு" என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எழுந்து நின்று, ஐயா, இந்தப் பெண்ணுக்கு இந்தியக் குரலைக் கேட்டால் பயத்தில் பேச்சு மாறும், கைக்குட்டைக்கு அவள் ஊரில் வேறு சொல், கேட்டுப் பாருங்கள் என்று கொட்டித் தீர்த்தேன். அதிகாரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நீங்கள் எந்த ஊர் என்றார். சென்னை என்றேன். இந்தியாவா? ஆமாம். இவர் பேசுவதெல்லாம் உங்களுக்குப் புரிகிறதா? புரிகிறது, ஆனால் என்று ஆரம்பித்தேன். நன்றி, உட்காருங்கள் என்றார். அதையும் எழுதிக்கொண்டார். டேப்பை மொழி தெரிந்த ஒருவரிடம் அனுப்பிக் கேட்கப் போவதாகச் சொல்லி எழுந்து, எல்லோருக்கும் கை கொடுத்தார்.

வெளியே மலர் ஓடி வந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே, "நான்தானே பொட்டை வைச்சனான், நான்தானே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வக்கீல் மூக்கைச் சிந்தினாள், நம்பிக்கை கொடுக்கும்படி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டெல்லா மட்டும் அழவில்லை. என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நான் ஓம் எண்டுதான் நினைச்சனான். வாய்க்கு வரேக்குள்ள மாறிட்டுது."

என்னிடம் அவள் தன் தமிழில் முழுசாகப் பேசியது அதுதான் முதல் தடவை. கேட்க அங்கே டேப் மெஷின் இல்லை.

வியாழக்கிழமை நான் கலைக்கூடத்தில் பேசினேன். போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். இருபது பேர்போல வந்திருந்தார்கள், பிஸ்கட்டும் காபியும் கொடுத்தார்கள். பலியகாதே, பழவேற்காடு எல்லாம் சொன்னேன். ஒரு துணி எத்தனை கடல் தாண்டினாலும் அதன் ஊர்ப் பெயரை யாரும் பிடுங்கவில்லை, அதே கடலைத் தாண்டிய பெண்ணுக்குத் தப்பான நாட்டின் பெயரை வைத்தார்கள் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, கூட்டம் நெளிந்தது. முடிவில் ஒரு பாட்டியம்மாள் அன்பாகக் கேட்டார், உங்கள் நெற்றியில் இருக்கும் அடையாளத்துக்கு என்ன அர்த்தம்? ஐந்து நிமிடம் பதில் சொல்லும் ஆள் நான். அன்றைக்கு, ஸ்டிக்கர்தான், கடையில் அட்டை அட்டையாக விற்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சென்னை திரும்பிச் சில மாதம் கழித்து மலர் போனில் அழுதாள். இந்தப் பெண் தமிழ்தான், ஆனால் இலங்கைத் தமிழ் என்று நம்ப இடமில்லை என்று தீர்ப்பு. மேல்முறையீடும் அப்படியே போயிற்று. ஸ்டெல்லாவை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். அவள் அந்தப் பாஸ்போர்ட்டில் இருக்கும் இந்தியாக்காரி இல்லை, சிலோன்காரி என்று நம் ஊர் அதிகாரிகள் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார்களாம். எனக்கு வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது.

ஆனால் நான் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் யாருக்கும் தெரியாது. சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்டோம். மழை விட்டிருந்தது. மலர் புளிப்பும் இனிப்புமான ஒரு பச்சைப் பழத்தை வெட்டி வைத்தாள், இந்த ஊரில் வேலிக்கு வேலி காய்க்கிறது. ஸ்டெல்லா தன் பழைய பூப்போட்ட சட்டையில் இருந்தாள். என் சிவப்புக் கைக்குட்டையை அவளிடமே கொடுத்துவிட்டேன். கழுத்தில் சுற்றியிருந்தாள். மாலையில் மண்டபத்துக்குப் போன் போட்டார்கள். முகாம் வாசலில் ஒரு டெலிபோன் கடை. அங்கே அப்போது காலை. நிரோசாவை அவள் பெரியம்மா கூட்டிவந்து நிறுத்தியிருந்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே பிள்ளையின் குரல் கணீரென்று கேட்டது.

சாப்பிட்டியா, படிச்சியா எல்லாம் முடிந்தது. பிறகு ஸ்டெல்லா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்ச பார் நிரோசா, இனி நீ ஆமா எண்டு சொல்லக்கூடாது. ஓம் எண்டு சொல்லிப் பழகோணும்."

"ஓமா? அது பிள்ளையார் கோயில்ல சொல்றதுதானேம்மா? நம்ம சொல்லலாமா?"

"அது வேற. இது எங்கட. ஆர் கேட்டாலும், எந்த நாட்டுக்காரர் கேட்டாலும், ஓம் எண்டுதான் சொல்லோணும். விளங்குதே?"

"சரிம்மா."

"அப்ப நான் கேக்கிறன், சொல்லு பாப்பம்." ஸ்டெல்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த அதிகாரியைப் போலவே நிதானமாகக் கேட்டாள். "நீ மன்னார்ப் பிள்ளைதானே?"

அந்தப் பக்கமிருந்து ஒரு கணமும் தாமதிக்காமல், சந்தோஷமாகப் பதில் வந்தது.

"ஆமாம்மா!"